ஆறாவது மூச்சு

பல்கலைக்கழகத்து நுரையீரல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, தரை துடைப்பது அவள் வேலை. அவள் கணவர் முப்பது வருஷம் கல் அறுத்தவர். தூசி நெஞ்சை அரித்ததில், போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் அதே ஆய்வகத்தில் அவர் மூச்சைப் பதிவு செய்திருந்தார்கள்.

இந்த வருஷம், ஆராய்ச்சியைப் பார்த்துத் தன் பாணியில் ஏதாவது படைக்கச் சொல்லி, பெண் ஓவியர் ஒருவரை மூன்று மாதம் தங்க அழைத்திருந்தார்கள். அவர் ஆய்வகத்திடமிருந்து கல் அறுப்பவர்களின் மூச்சொலிப் பதிவுகளை வாங்கி, ஒரு வெள்ளை அறையில் கண்காட்சியாக ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டார். யார் பெயரும் இல்லை.

காலையில் அங்கே துடைக்கப் போனவள் ஆறாவது மூச்சில் அப்படியே நின்றுவிட்டாள். இழுக்கும்போது நடுவில் விக்கல் போல ஒரு தடங்கல். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

"இது எங்க வீட்டுக்காரரும்மா."

ஓவியர் பதறிப்போனார். "ஐயோ அக்கா, எனக்குத் தெரியாதே! நிறுத்திடட்டுமா? இல்ல, பென்டிரைவ்ல போட்டுத் தரட்டுமா?"

"அவரு இழுத்துக்கிட்டுக் கெடந்தத வீட்டுல வேற வச்சுக் கேக்கவா? பதியறப்ப பேரு கேட்டிருப்பாங்கல்ல? மனுஷன் சும்மா இருந்திருக்க மாட்டாரு, ஏதாவது நக்கல் அடிச்சிருப்பாரு. அத மட்டும் குடும்மா."

ஓவியர் ஆய்வகத்தில் விசாரித்தார். பேச்சு ஆராய்ச்சிக்குத் தேவையில்லை என்று அப்போதே வெட்டி அழித்துவிட்டார்களாம். ஓவியர் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி, விடும்மா."

கண்காட்சி முடியும்வரை அந்த அறையைத் துடைக்க வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். கடைசி நாள் மட்டும் வந்து, ஆறாவது மூச்சு முடியும்வரை நின்றுவிட்டுப் போனாள்.