பதில் வந்தால் நிறுத்திவிட வேண்டும்

அவர் தண்ணீர் கேட்கவில்லை என்று அன்று நான் சொல்லவில்லை.

கண்டியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கவாதத்தால் பேச்சிழந்து கிடந்த நசீரா டீச்சர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ‘டிக், டிக், டிக்’ என்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். “வாய் காஞ்சி பெய்த்து போல, டீச்சர்” என்று என்னிடம் சொன்னார் அவருடைய கணவர் நிஸாம் நானா. நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தார். ஒலி நிற்கவில்லை. மறுபடியும் நனைத்தார்.

வத்தேகமப் பள்ளியில் எங்களோடு படிப்பித்த உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மலைக்காட்டுத் தவளையின் குரல் அது. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு. பகலெல்லாம் சருகுக்குள் கிடந்து, இருட்டத் தொடங்கியதும் பற்றைச் செடியில் ஏறிக் கூப்பிடும். தலைப்பிரட்டையாக நீந்துகிற பருவமே அதற்கு இல்லை; ஈர மண்ணில் இட்ட முட்டையிலிருந்து தவளையாகவே வெளியே வரும். “நம்மட எட்டாம் வகுப்பு மாதிரி இல்ல, வரும்போதே வளர்ந்துதான் வரும்” என்பார் நசீரா டீச்சர்.

மழை விட்ட ஒரு மாலை, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். நான் நாக்கைத் தட்டிப் பார்த்தேன்.

“உங்கட சத்தத்துக்குத் தவளை வராது, டீச்சர். பல்லி வரும்.”

பிறகு அவர் கூப்பிட்டார். பற்றைக்குள்ளிருந்து பதில் வந்தது. இன்னொரு தடவை என்று கேட்டேன். மறுத்துவிட்டார்.

“பதில் வந்தா நாம வாய மூடிக்கோணும். இல்லாட்டி ராவெல்லாம் அது நம்மளோடயே பேசிட்டு இருக்கும். அதுக்குப் பொண்ணு தேட வேணாமா?”

இதையெல்லாம் நானாவிடம் எப்படிச் சொல்வது? அவரால் செய்ய முடிந்தது அந்தப் பஞ்சு ஒன்றுதான். அதையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கே நிச்சயமும் இல்லை. டீச்சர் கூப்பிடுகிறாரா, நாக்கு தானாக அசைகிறதா? டொக்டரிடம் கேட்டேன். “சொல்ல ஏலாது, மிஸ்” என்றார்.

நீங்கள் நசீரா டீச்சரின் நினைவாக எதை வைத்திருக்கிறீர்களோ, அறியேன். என்னிடம் இருப்பது அந்தச் சத்தம்தான். அதுவும் சரியாக வராத சத்தம்.

நானா பின்னேரம் அஸர் தொழப் போனதும் கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, எனக்கு வந்த மாதிரி மூன்று தடவை நாக்கைத் தட்டினேன். டீச்சர் நிறுத்தினார். கண்கள் திறந்தே இருந்தன. நானா திரும்பி வந்து, தாகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பஞ்சைக் கீழே வைத்தார்.

அதன்பிறகு டீச்சர் ஒலி எழுப்பவில்லை. மறுநாள் விடியுமுன் நானா தொலைபேசியில் அழைத்து, அவர் உயிர் பிரிந்து மவுத்தான செய்தியைச் சொன்னார்.