தலையணை உறை நாட்கள்

"இந்த மாதிரிக் காய்ச்சல் உங்க வீட்ல வேற யாருக்காவது வந்திருக்கா?"

குழந்தைகள் டாக்டர் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், யாருக்கும் இல்லை, எங்கள் வீட்டில் எல்லாரும் கல்லு மாதிரி என்று சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பதினாறு வயதில் சேர்ந்தாள், இப்போது நாற்பத்தொன்று. விடுதிகளின் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி, அலுவலகக்காரர்களின் சட்டை எல்லாம் அங்கே வரும். சட்டை மட்டும் அம்மாவின் மேசைக்கு. முதலில் காலர், பிறகு தோள், கை, கடைசியில் முதுகு. அவள் போட்ட சட்டையில் மடிப்பு மாறிப் பார்த்ததில்லை என்று மேற்பார்வையாளரே சொல்வார், அவர் யாரையும் லேசில் புகழ்கிறவர் அல்ல.

நீராவிக்கு நடுவே இருபத்தைந்து வருடம் நின்றதில் அம்மாவின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கிவைப்பாள். "அம்மா கையப் பார்த்தா அடுப்புதான் பயப்படும்" என்பான் என் தம்பி.

தம்பிக்கு ஒன்பது வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்பதால் அவனுக்குக் கட்டெறும்பு என்று பெயர். நாலு வயதிலிருந்தே மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. பிறகு எதுவுமே நடக்காததுபோல எழுந்து ஓடுவான். உடம்பு சுடுகிறது என்று அவன் சொன்னால் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். "ஒண்ணும் இல்லையேடா, சாதாரணமாத்தான் இருக்கு" என்பாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பழகிய கைக்கு எந்த நெற்றிதான் சுடும்? அது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. அதனால் வீட்டில் அதற்குக் கணக்குப் பரீட்சைக் காய்ச்சல் என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான்.

அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் தெருவை அளந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு நாள் கட்டெறும்பு சுருண்டு கிடந்தான். நான் வழக்கம்போல, "என்னடா, நாளைக்குப் பரீட்சையா?" என்றேன்.

அவன் திரும்பக்கூட இல்லை. "அக்கா, பள்ளிக்கூடம் லீவு விட்டு பத்து நாளாச்சு. லீவுல யாராவது நடிப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து மருந்துக் கடைக்குப் போய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்தேன். நூற்று மூன்று காட்டியது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றைத் தொட்டாலே துடித்தான். குடல்வால் என்றார் சர்ஜன், நாளை மறுநாள் எடுத்துவிடலாம் என்றார். குழந்தைகள் டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஐந்து வருடமாக விட்டுவிட்டு வருகிறது, தானாகவே போகிறது, இது குடல்வாலாக இருக்காது என்று நினைக்கிறேன் என்றார். சில குடும்பங்களில் பிறவியிலேயே வரும் காய்ச்சல் ஒன்று இருக்கிறது, ரத்தப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்காகும், அதற்குள் வீட்டில் ஒருவருக்காவது இருந்தது என்று தெரிந்தால் கத்தி வைக்காமல் காத்திருக்கலாம் என்றார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. அம்மா இல்லை என்றதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, அம்மா வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லச் சலவைக்கூடத்துக்குப் போனேன். துணி மடிக்கும் பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். உறவு எதுவும் இல்லை, எங்களுக்கு எப்போதும் அவர் பெரியம்மாதான்.

"உங்கம்மாவா லீவு? உலகமே கவுந்தாலும் வந்து தலையணை உறையாவது போடுவாளே" என்றார்.

அது என்ன தலையணை உறை என்று கேட்டேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது முடியாமல் போனால் லீவு எடுக்கமாட்டார்கள். கோடியில் இருக்கும் மேசைக்குப் போய்த் தலையணை உறைகளை எடுத்துக்கொள்வார்கள். அதில் காலர் இல்லை, கை இல்லை, உட்கார்ந்தபடியே போடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

"உங்கம்மா மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா அங்க போயிடுவா. வயித்தப் புடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாளு. அப்புறம் பார்த்தா சட்டை மேசையில நிப்பா. மகாராணி தலையணைக்கு எழுந்தருளிட்டாங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க? உன் தம்பியும் அப்படித்தானாமே."

"காய்ச்சல் அடிக்குமா பெரியம்மா?"

"இந்த அனல்ல யாருக்குடி காய்ச்சல் தெரியும்? இங்க எல்லாரும்தான் கொதிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

கோடி மேசையைப் பார்த்தேன். சுவர் ஓரமாக ஒரு முக்காலி. அதன் நடுப்பலகை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலையணை உறையைப் பற்றிக் கேட்டதும் எரிந்து விழுந்தாள். அது சூட்டு வலி, நின்று வேலை செய்கிறவளுக்கு வராதா, அதைப் போய் ஒரு பெரிய விஷயமாகப் பேசுகிறாயே என்றாள்.

"எப்பருந்தும்மா?"

 அம்மா சேலையின் மேலாகவே வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுக்கொண்டாள். அங்கே ஒரு தழும்பு இருப்பது எனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. கட்டெறும்பு வயதில் அவளுக்கும் குடல்வால் என்று சொல்லி எடுத்திருக்கிறார்கள்.

"எடுத்த பிறகு வலி நின்னுச்சா?"

அம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தபடி இருந்தாள்.

"நிக்கல" என்றாள். "எல்லாருக்கும் இப்படித்தான் வரும்னு நெனச்சேன்டி. அவன் சுருண்டு படுக்கறப்பல்லாம் அந்த வலி எனக்குத் தெரியும். நான் எந்திரிச்சுப் போறேன்ல, அவனும் எந்திரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

 அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவன் காய்ச்சலுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவள் நான்.

அம்மா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் குழந்தைகள் டாக்டரின் அறைக்குப் போனாள். சர்ஜனும் அங்கே இருந்தார். "நேத்து தெரியாம சொல்லிட்டேன். எனக்கும் இருக்கு. முப்பது வருசத்துக்கு மேல இருக்கு" என்று நின்றுகொண்டே சொன்னாள். தழும்பையும் காட்டினாள். சர்ஜன் தம்பியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். வலி அதற்குள் பாதி இறங்கியிருந்தது. ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. இருவருக்கும் ஒரே குறை. டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு நாய் இருக்குன்னு வச்சுக்கங்க. திருடன் வந்தாத்தான் குலைக்கணும். உங்க ரெண்டு பேர் நாயும் காத்தடிச்சாலே குலைக்குது." அந்த நாயை அடக்க ஒரு மாத்திரை இருக்கிறது, தினமும் விடாமல் போட வேண்டும். போடாமல் விட்டால் வருடக்கணக்கில் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். தம்பிக்கு இன்னும் கெடவில்லை. அம்மாவின் சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறோம். மேலும் கூடாமல் இருக்கிறது. குறையுமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

இப்போது தினமும் காலையில் கட்டெறும்புதான் மாத்திரைப் பெட்டியைத் திறக்கிறான். அம்மா வாயில் போட்டு விழுங்குகிறாளா என்று பக்கத்தில் நின்று பார்க்கிறான், அவளுடைய வாத்தியார் மாதிரி. இந்த ஆறு மாதத்தில் அவனுக்கு ஒரே ஒருமுறைதான் வந்தது. பழக்கதோஷத்தில் அம்மா நெற்றியில் கை வைத்தாள். உடனே கையை எடுத்துவிட்டு, "தெர்மாமீட்டர எடுடி" என்றாள். நடிக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். சில வாரத்துக்கு ஒருமுறை வரும் வலியைச் சூடு என்றோ அலுப்பு என்றோ சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போகிறவர். அவரிடம் எப்போதிலிருந்து என்று ஒருமுறை கேளுங்கள். பிறகு இந்தக் கதையை, அடிக்கடி காய்ச்சலில் படுக்கும் பிள்ளை உள்ள ஒரு வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். என் பெயர் வேண்டாம். தலையணை உறை போட்ட அம்மாவின் கதை என்று சொன்னால் போதும்.