மச்சான் மேலே, நான் கீழே

மச்சானின் பூட்ஸ் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்று அவருடைய மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். வலது குதிகாலின் வெளிப்பக்கம். பூம் லிஃப்ட் கூடையின் தரை வெறும் கம்பி வலைதான். ஆளை ஏற்றிக்கொண்டு அந்த நீளமான இரும்புக் கை மேலே போகும்போது, கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிவது அந்த வலைக்கு மேலே இரண்டு பூட்ஸ், அப்புறம் ஒரு தாடை, அதற்கும் மேலே ஹெல்மெட்டின் விளிம்பு. பல வருடங்கள் மச்சானை நான் அப்படித்தான் பார்த்தேன். ஓட்டுவது அவர். கீழே நின்று சக்கரம் எங்கே போகிறது, யார் குறுக்கே வருகிறார்கள், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது நான்.

அவர் என் மனைவியின் மூத்த அண்ணன். வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஜோகூரில். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் புகை குடித்துக்கொண்டு ஊர்ந்து, உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து ஹாரன் அடிப்பார். அங்கிருந்து இருவரும் கம்பெனி லாரியில் போவோம். வீட்டில் நான் தங்கையின் கணவன் என்பதால் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா" என்று மரியாதை சொட்டும். லாரியை விட்டு இறங்கியதும் அந்த "ங்க" காணாமல் போய்விடும். "ஏய் மாப்ளே, அந்தக் கோனை நகர்த்து லா" என்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறு விஷயத்தில்.

ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூடை குலுங்காது. தேக்கா பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டு வரிசைக்கு நாங்கள் வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, பின்சந்தில் மின்கம்பிக்கும் சன்னல் கதவுக்கும் நடுவே கூடையை அவர் நுழைத்த விதத்தைப் பார்க்கப் பூக்கடைக்காரர்கள் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். கீழே கைதட்டல். மேலே மச்சான் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். அவர் இடுப்பிலிருந்து பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி எதிலும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்ததை அங்கே நின்றவர்களில் நான் ஒருவன்தான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் கேட்டேன். "கொக்கியை மாட்டினா என்ன மச்சான்?"

"சுத்தி ரெயிலிங் இருக்கு. நான் என்ன குழந்தையா, எட்டிப் பாத்து விழ?"

விழுவதற்காக இல்லை என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தச் சந்தில் சாக்கடை மூடிகள் பல பழையவை. சக்கரம் ஒரு கையளவு உள்ளே இறங்கினால் போதும், அத்தனை உயரத்தில் இருக்கிற கூடை ஒரு வீச்சு வீசும். உள்ளே இருப்பவன் கவணில் வைத்த கல் மாதிரிதான். ரெயிலிங்கைத் தாண்டி வெளியே போவான். கூடையோடு அவனைச் சேர்த்துப் பிடித்து வைக்கத்தான் அந்தக் கொக்கி. இதைப் பயிற்சி வகுப்பில் அவருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டோம். தேர்வில் என்னைவிட அவர்தான் நன்றாக எழுதினார்.

"இத்தனை வருஷமா ஓட்டுறேன். ஒண்ணும் ஆகலையே?" என்பார் கடைசியில். பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்து என்ன பேசுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவர் பக்கம் சாட்சி சொன்னது. என் பக்கம் சாட்சி சொல்ல ஒரு நாளும் வரவில்லை. அப்படி ஒரு நாள் வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொள்கிறவனும் நான்தான். தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாதாடுகிறவனின் எரிச்சல் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பாதுகாப்பு அதிகாரி வரும் நாளில் மட்டும் மச்சானின் கொக்கி 'டக்' என்று மாட்டும். அதிகாரியின் கார் கேட்டைத் தாண்டியதும் மேலேயிருந்து இன்னொரு 'டக்'. எனக்குக் கேட்கவேண்டும் என்றே செய்வார்.

அடுத்த வருடம் தீவின் மேற்கே ஒரு பெரிய கிடங்கில் வேலை. கூரைக்குக் கீழே தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களைப் பொருத்தவேண்டும். பல கம்பெனிகள் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்த இடம் அது. எங்கள் பூம் லிஃப்ட் வாடகைக்கு எடுத்த பழைய வண்டி. மற்ற கம்பெனி ஆட்கள், நாங்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அதைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பி வந்தால் வண்டி வேறு மூலையில் நிற்கும், இல்லையென்றால் வேறு யாரோ மேலே ஏறியிருப்பார்கள். வேலை தாமதமானால் திட்டு மச்சானுக்கு. அவர் சூப்பர்வைசரிடம் சொன்னார். நானும் சொன்னேன். "நீங்களே பேசித் தீர்த்துக்குங்க லா" என்று பதில் வந்தது. மச்சான் தீர்த்துக்கொண்டார். சாவியை எடுத்துத் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

பூம் லிஃப்ட்டை இரண்டு இடத்திலிருந்து இயக்கலாம். கூடைக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, கீழே வண்டியின் அடிப்பகுதியில் இன்னொன்று. மேலே இருப்பவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கீழே இருப்பவன் சாவியைத் தன் பக்கம் திருப்பி அவனைக் கீழே கொண்டுவர முடியும். அதற்காகத்தான் சாவி எப்போதும் கீழ்ப்பெட்டியிலேயே இருக்கவேண்டும் என்பது. எங்கள் பழைய வண்டியில் சாவியை மேல்பக்கம் திருப்பி உருவி எடுத்துவிட்டாலும் மேலே இருப்பவன் ஓட்டமுடியும். கீழே இருப்பவனால் மட்டும் எதுவும் முடியாது.

"சாவியைக் கீழ வச்சிட்டுப் போங்க மச்சான். சாப்பாட்டு நேரத்துல எடுத்துக்குங்க, யாரு வேணாங்கிறா? மேல போறப்ப கீழ இருக்கணும்."

"மறந்துபோய் விட்டுட்டுப் போனா? திரும்ப வண்டியத் தேடி அலையணும். சாவி என்கிட்ட இருந்தா வண்டி என்கிட்ட. அவ்வளவுதான், விடு."

அது நடந்த அன்று காலையிலும் இதே பேச்சு. அன்று சற்றுக் கோபமாகவே பேசினேன். சூப்பர்வைசரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆமா, சாவி கீழ இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனார்.

மேலே இரும்பு உத்தரங்கள் வரிசையாக இருந்தன. இரண்டு உத்தரங்களுக்கு நடுவே போகும் குழாயை எட்டுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்தார். கண் குழாய்மேல். முதுகுக்குப் பின்னால் இருந்த உத்தரத்தை நான் பார்த்துக் கத்தினேன். அந்தக் கிடங்கின் இரைச்சலில் என் சத்தம் அவரை எட்டவில்லை. உத்தரம் அவர் முதுகில் பட்டது. குனிந்தார். குனிந்த உடம்பு கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் சாய்ந்து நெம்புகோலை அழுத்தியது. பாதம், வண்டி இயங்க அழுத்தவேண்டிய கால்மிதியின் மேலேயே மாட்டிக்கொண்டது. வண்டிக்கு அது கட்டளை. அது மேலும் ஏறியது. என்ஜின் முக்கும் சத்தம் கேட்டது. அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மார்பு நசுங்குகிறவனால் கத்தமுடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஓடிப்போய்க் கீழ்ப்பெட்டியின் சிவப்புப் பொத்தானை அடித்தேன். வண்டி நின்றது. நிறுத்த முடிந்தது, இறக்க முடியவில்லை. சாவித் துளை காலியாக இருந்தது. அதற்குள் விரலை வைத்துத் திருப்பப் பார்த்தேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது, அண்ணாந்து பார்த்தபோது தெரிந்த அந்த பூட்ஸ். ஒன்று மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. சாவி அங்கேதான், அந்தக் காலுக்குக் கொஞ்சம் மேலே, பேன்ட் பைக்குள்.

பக்கத்து வரிசையில் வேலை செய்த வங்காளதேச ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. துளையைப் பார்த்தார், திரும்ப ஓடினார், தன் வண்டியின் சாவியோடு வந்தார். அவருடையதும் அதே கம்பெனி தயாரித்த வண்டி. சாவி பொருந்தியது. நான் திருப்பினேன். பொத்தானை விடுவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூடையைக் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. துணி கிழிவதுபோல் ஒரு மூச்சு. அந்த வங்காளதேசத்துக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா பாய், மெதுவா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மச்சான் பிழைத்தார். விலா எலும்புகள் முறிந்திருந்தன, ஒரு நுரையீரல் சுருங்கியிருந்தது, இடது தோள் மறுபடி முழுதாக உயரவே இல்லை. பேச முடிந்த முதல் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மாப்ளே அவ்வளவு நேரம்?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பிள்ளைகளோடு நின்றிருந்தார். ஜோகூரிலிருந்து கட்டிய சேலையோடு ஓடிவந்தவர். "நீங்க கீழதானே தம்பி நின்னீங்க?" என்றார். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை, புரியாமல் கேட்டார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானின் உடைகளைத் தாதி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அது என் காலடியில்தான் இருந்தது. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தார். மூக்கில் குழாயோடு கிடக்கும் ஒரு மனிதரின் பிள்ளைகளுக்கு முன்னால், அந்தப் பையைத் திறந்து காட்ட எனக்கு மனம் வரவில்லை.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அதற்காக மச்சான் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. கம்பெனி என்ன செய்தது? சாவிகளைச் சங்கிலி போட்டுக் கீழ்ப்பெட்டியோடு பூட்டியது. சுவரொட்டி ஒட்டியது. அடுத்தவர் வண்டியைக் கேட்காமல் எடுத்துப் போகிற வழக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் சாவியைப் பையில் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை நாங்கள் இருவருமே முன்கூட்டிச் சொல்லியிருந்தோம் என்று அந்த அறையில் எடுத்துச் சொன்னேன். "அது வேற விஷயம்" என்றார்கள். எனக்கு மச்சான்மேல் இருந்த கோபம் ஒரு கணம் இடம் மாறி அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்மேல் போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

ஏனென்றால், உடம்பு தேறி ஜோகூரில் பள்ளி வேன் ஓட்டத் தொடங்கியபின், குடும்ப விசேஷங்களில் மச்சான் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகச் சொல்வார். உத்தரம் வரும், முருகன் வருவார், கீழே நான் கோழி மாதிரி வண்டியைச் சுற்றி ஓடுவது வரும். என் ஓட்டத்தை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டுவார். பந்தியே சிரிக்கும். சாவி மட்டும் வராது. நான் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி, "உயிரோட இருக்காருல்ல, விடுங்க" என்பாள். விட்டேன். பல வருடங்களாக விட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சென்ற மாதம் மச்சானிடமிருந்து போன். மூத்த மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைப் பையன் இங்கே ஒரு கப்பல்பட்டறையில் பூம் லிஃப்ட் ஓட்டுகிறார்.

"நீங்க போய் அவரைக் கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை," என்றார். 'ங்க' போட்டுப் பேசினார். "எப்படி வேலை பாக்குறாரு, என்ன ஏதுன்னு. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாமே மச்சான். உங்களுக்குத் தெரியாததா?"

வேனில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. "எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் கடைசியில். "சரி, நானே சொல்றேன். நீங்களும் பாருங்க."

நம்பினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, மகளுக்காகவாவது அந்த வாய் திறக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைத் தேக்காவில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தேன். நல்ல பிள்ளை. நான் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தார். வேலையைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "மாமா எல்லாம் சொன்னாங்க" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"கீழ நிக்கிற ஆளு யாருன்னு பாத்துட்டுத்தான் ஏறணுமாம். வண்டி எப்படி இருந்தாலும் பரவால்ல, கீழ நிக்கிறவன் சரியா இருந்தா உயிரு தப்பிச்சிடலாம்னு சொன்னாங்க. அவங்களுக்கு நல்ல ஆளு கிடைச்சாராம். உங்களைத்தான் சொன்னாங்க மாமா."

நேருக்கு நேர் ஒருநாளும் சொல்லாததை, யாரோ ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சாவியைப் பத்திச் சொன்னாரா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்தச் சாவி மாமா?"