தேர்வுக்குப் படித்த தொடுதல்கள்

என் மனைவி நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைக்க ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. நான் நாளிதழ் ஒன்றில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குபவன். ஆகவே ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் நானே அவளுக்கு வாத்தியார்.

தொடுவது பற்றிய சொற்கள்தான் அவளைக் குழப்பின. 'டச்' பொதுச்சொல், தெரியாமல் கை பட்டாலும் அதுதான் என்றேன். கவனத்தைத் திருப்ப விரல் நுனியால் தட்டினால் 'டேப்'. உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தால் 'பேட்'. அழுத்தித் தேய்த்தால் 'ரப்'. மெதுவாக வருடினால் 'ஸ்ட்ரோக்'.

"ஸ்ட்ரோக்னா எங்க வார்டுல பக்கவாதம்ங்க. பேஷண்ட் அலறிடுவாங்க."

"இது வேற. கையக் கொடு, காட்டுறேன்."

"பாடம்தானே நடத்துறீங்க?" என்று சிரித்தபடி முன்கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வருடினேன்.

"அப்ப 'கரெஸ்'?"

"இதேதான். ஆனா அதுல பிரியம் இருக்கணும்."

"இப்ப நீங்க பண்றது எது?"

"அது பரீட்சைக்கு வராது" என்றேன்.

இரண்டு மாதம் இப்படிப் படித்தோம். தேறினால் போய்விடுவாள் என்பது இருவருக்கும் தெரியும். தேறினாள்.

வழியனுப்ப மருங்காபுரியிலிருந்து அவள் வீட்டார் வேனில் வந்தார்கள். பதினான்கு பேர். எங்கள் இரு குடும்பங்களிலும் பெரியவர்கள் முன்னால் கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்வதில்லை. சேர்ந்து போட்டோவுக்கு நின்றாலும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும்.

விமான நிலைய வாசலில் மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். சித்திகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமனார் நெற்றியில் விபூதி பூசினார். என் அம்மா தலையைத் தடவினார். நான் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"மாப்ள, டிராலிய விடுங்க. நீங்களும் ஏறிப் போயிருவீங்க போல" என்றார் அவள் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை எடுத்தேன். நான் பிடித்திருந்த இடத்தில் அவள் கை வைத்தாள். கம்பி சூடாகத்தான் இருந்திருக்கும்.

"போயிட்டு வரேங்க."

"பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். அது அவள் கையிலேயே இருந்தது.

ஒன்றரை ஆண்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம். முகம் தெரிகிறது, குரல் தெளிவாகக் கேட்கிறது. முன்கை பெரும்பாலும் திரைக்கு வெளியே இருக்கும். கொஞ்சம் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். கேட்டதில்லை.

போன வாரம் விடுமுறைக்கு வரப்போவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை விமானம்.

"உங்கப்பா இப்பவே வேன் சொல்லிட்டாரு. இந்தத் தடவை இருபது பேராம்" என்றேன்.

"நீங்க மட்டும் வாங்களேன்."

எத்தனையோ ஆண்டுகளாக அடுத்தவர் எழுதிய செய்திகளில் நாளையும் கிழமையையும் சரிபார்த்திருக்கிறேன். நேற்று மாமனாருக்குப் போன் செய்து, விமானம் சனிக்கிழமை என்று சொன்னேன்.