இல்லாத கிணறும் ஒரு குழுத் தலைவரும்

போன சனிக்கிழமை கால் மணித்தியாலம் நான் வாயே திறக்கவில்லை. நம்புவீர்களா? என் மனைவி நம்பவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மன்னார் டவுனில் வார இறுதி டிப்ளோமா படிக்கிறேன் என்று முன்பே உங்களிடம் பீற்றியிருக்கிறேன். அதில் ஒரு குழு வேலை... எந்தெந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். நாங்கள் நாலு பேர். நரை எனக்குத்தான் அதிகம் — ஆகவே தலைவர் நான்.

நால்வருக்கும் ஒரே புள்ளி. தவறினால் அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கென்ன, நான் ஆசைக்குப் படிக்கிறவன். வெள்ளாங்குளத்து விஜயாவுக்கு அப்படியில்லை. முன்பள்ளி ஆசிரியை. இந்தச் சான்றிதழ் வந்தால்தான் அவருடைய வேலை நிரந்தரமாகும்.

அது தெரிந்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியுமா? விடிய ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் ‘முடிஞ்சுதோ?’ என்று கேட்பேன். பத்து மணிக்கு மறுபடி. கேள்வித்தாளை நானே தயாரித்தேன். அரிப்பு என்ற ஊரிலிருந்து வரும் றெஜினா எழுதித் தந்த பகுதியை மூன்று தரம் திருத்தினேன். நான்காம் தரம் அவர், “அண்ணை, நீங்களே எழுதுங்கோ” என்று பேனையை மூடிவிட்டார். எழுதினேன்.

விஜயா இருபது வீட்டுத் தாள்களைக் கொண்டுவந்தார். முதல் கேள்வி: ‘உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பா?’ இருபதிலும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரே மாதிரிச் சரி அடையாளம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீடு வீடாகப் போகாமல் மின்விசிறிக்குக் கீழே இருந்து கீறியிருக்கிறார்! தாள்களை என் பைக்குள் தள்ளினேன். அறிக்கையில், ‘வெள்ளாங்குளம் — போதிய தகவல் கிடைக்கவில்லை’ என்று எழுதினேன். அவர் ஏதோ சொல்லவென்று போன் எடுத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். பாவம் பார்த்து ஒரு வேலை மட்டும் கொடுத்தேன் — நன்றியுரை.

அறிக்கையைக் காட்டவேண்டிய சனிக்கிழமை விரிவுரையாளர் மிஸ் ஒரு குண்டைப் போட்டார். தலைவர்மார் மூலைக் கதிரையில் இருக்க வேண்டும், கதைக்கக்கூடாது, மற்றவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இருந்தேன். கால் ஆடியது. மேசை ஆடியது. பக்கத்துக் குழுத் தலைவர் தன் தண்ணீர்ப் போத்தலைத் தள்ளி வைத்தார்.

மிஸ் அறிக்கையைப் புரட்டினார். வெள்ளாங்குளத்தில் நின்றார். யார் போனது, ஏன் தகவல் இல்லை என்று கேட்டார். விஜயா எழும்பினார். போச்சு! நாலு பேருக்கும் போச்சு! நான் பாதி எழும்ப, மிஸ்ஸின் விரல் என்னை இருத்தியது.

“தகவல் இருக்கு மிஸ்” என்றார் விஜயா. நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். தாள்கள் என் பைக்குள் அல்லவா கிடந்தன? எடுத்துக் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொரு தாளையும் திருப்பினார். பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன எழுத்து. எந்தக் காணிக் கிணற்றில் அள்ளுகிறார்கள், எத்தனை குடம், கிணற்றுக்காரர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்கிறார்கள்...

“இருபது வீட்டிலையும் கிணறே இல்லை மிஸ். ‘உங்கள் கிணறு உப்போ’ எண்டுதான் கேள்வி. இல்லாத கிணறு எப்பிடி உப்பாகும்?”

என் வீட்டில் இரண்டு கிணறு. கிணறு இல்லாத வீடு ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக எல்லோரையும் விரட்டியவனுக்கு ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க நேரமில்லை!

இந்தக் கேள்வியை ஆர் எழுதினது என்று மிஸ் கேட்டார். நான் தலை குனிந்தேன்.

“நாங்கள் மிஸ்” என்றார் றெஜினா.

‘நாங்கள்’ — மூன்று தரம் திருத்தியும் என்னால் அறிக்கைக்குள் கொண்டுவர முடியாத சொல் அது.

மிஸ் புள்ளி போடவில்லை. இரண்டு கிழமை தவணை. விஜயாவின் இருபது வீட்டை முதல் அத்தியாயமாக வைத்து அறிக்கையைத் திருப்பி எழுத வேண்டும். தலைவர் விஜயா.

இதை எழுதும்போதே ஆறு தரம் போனைக் கையில் எடுத்துவிட்டேன். ‘முடிஞ்சுதோ?’ என்று கேட்க விரல் துடிக்கிறது. குழுவில் ஒரு சத்தமும் இல்லை — வேலை நடக்கிறதாம்!

புதிய தலைவர் எனக்கும் ஒரு வேலை தந்திருக்கிறார். நன்றியுரை.