துண்டுக்குள் முடிவான மேஜர்

மகள் போன் செய்தபோது நான் எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டுத் திருத்திய தாளில் ஒரு பையனுக்கு இருபத்தைந்துக்கு முப்பது மதிப்பெண் போட்டிருக்கிறேன். அவன் அதைத் திருத்தித் தரச் சொல்லி இன்றுவரை வரவில்லை.

"அம்மா, மேஜரை மாத்தப் போறேன். பேரண்ட் வந்து மென்டார் சார்கிட்ட பேசினாத்தான் மாத்துவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வா."

எங்கள் ஆந்திராவில் இப்போது டிகிரி சேரும்போதே ஒரே ஒரு பாடத்தை மேஜர் என்று எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குத் துணைப்பாடம். என் மகள் திருப்பதியில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள் என்று நான் சித்தூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய கல்லூரியில், வகுப்பு தொடங்கிய புதிதில் மட்டும் மேஜரை மாற்றிக்கொள்ள விடுவார்கள். அதன்பிறகு மூன்று வருஷத்துக்கும் அதுதான் கதி. ஒவ்வொரு மாணவிக்கும் ஆலோசனை சொல்ல ஓர் ஆசிரியரைப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் மென்டார்.

"மாத்தி இன்னா எடுக்கப் போறே?"

"ஜுவாலஜி."

"பல்லி, கரப்பான் அறுக்கறதா?"

"இப்பல்லாம் எதையும் அறுக்கறது இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கறது."

"அப்ப கம்ப்யூட்டரையே படிக்கறதுக்கு இன்னா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வாம்மா" என்றாள் மறுபடியும். "கம்ப்யூட்டர் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் கீது" என்றாள். சாப்பாடு? நல்லாத்தான் கீது. விடுதி? நல்லாத்தான் கீது. இவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். சின்ன வயதில் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலிலும் நல்லா இருக்கிறேன் என்று சொன்னவள்.

அவள் நைனா, என் வீட்டுக்காரர், கிரானைட் பாலிஷ் போடும் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தார். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான்கு தரம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். "எனக்கு லீவு இல்ல. உங்க அண்ணன இட்டுக்கினு போ. தாய்மாமன் இல்லாம பொண்ணு விஷயத்துல எத முடிவு பண்ணியிருக்கோம்?"

உண்மைதான். காது குத்தியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, முதல் செல்போன் வாங்கிக் கொடுத்தது எல்லாமே அண்ணன் வந்து உட்கார்ந்த பிறகுதான் நடந்தன. அவர் கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் மாட்டுத் தரகு செய்கிறவர். ஒரு மாட்டின் முன்னால் நின்றுகொண்டு விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒரே நேரத்தில் சந்தோஷப்படுத்துகிறவர். எனக்கும் அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது.

சித்தூரில் பஸ் ஏறியதிலிருந்து புத்தலப்பட்டு தாண்டும்வரை அவருக்குப் பாடம் எடுத்தேன். கம்ப்யூட்டர் என்றால் வேலை. ஜுவாலஜி என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. நீங்கள் பெரியவர் என்ற முறையில் கண்டிப்பாகப் பேச வேண்டும். அண்ணன் ஜன்னல் வழியாக வயல்களில் மேய்ந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கேக்கறியாண்ணா?"

"கேட்டுக்கினுதான் வரேன் பாப்பா. கம்ப்யூட்டர்ன்னு முடிக்கணும். அவ்ளோதானே? நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

கல்லூரி வாசலில் மகள் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். அண்ணனையும், அவருடைய மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையையும், தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டையும், கையிலிருந்த வாழைப்பழச் சீப்பையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமாவ எதுக்கும்மா இட்டுக்கினு வந்தே? நிச்சயதார்த்தமா நடக்குது?"

"மூணு வருஷத்துக்கு முடிவு பண்றோம் கண்ணு. சும்மாவா?" என்றார் அண்ணன்.

ஆசிரியர்கள் அறையில் மென்டார் சார் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வாழைப்பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பிரிண்டர் மேல் வைத்தார். பக்கத்து மேசையில் ஓர் அம்மா டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சார் பொறுமைசாலி. தெலுங்கும் எங்கள் பக்கத்துத் தமிழும் கலந்து, கிரெடிட் என்றால் என்ன, செமஸ்டர் எத்தனை, இன்டர்ன்ஷிப் எப்போது என்று எல்லாம் சொன்னார். திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். என் வகுப்பில் ஒன்றும் புரியாத பிள்ளைகள் ஏன் அவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் படிச்சா வேலை கெடைக்கும்தானே சார்?" என்றேன்.

"மனசு பெட்டி சதிவிதே ஏதைனா மஞ்சிதே அம்மா." மனசு வைத்துப் படித்தால் எதுவும் நல்லதுதான் என்றார்.

"அப்ப ஜுவாலஜி?"

"மனசு பெட்டி சதிவிதே அதி கூட மஞ்சிதே."

"இவளுக்கு எது சார் சரி?"

"அது ஸ்டூடண்ட் இன்ட்ரஸ்ட்டப் பொறுத்தும்மா. ஏம்மா, உனக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்படியே இன்னும் ஒரு சுற்று போனோம். சார் எதையும் மட்டமாகச் சொல்வதாக இல்லை. அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"பாப்பா, இவரு வாயால வெல சொல்ற ஆள் இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்தார். ஓர் உதறு உதறினார். வலது கையின்மேல் அதைப் போர்த்தினார். போர்த்திய கையை மேசையைத் தாண்டி மென்டார் சார் முன்னால் நீட்டினார்.

மாட்டுச் சந்தை பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே வாயால் சொல்லும் விலை சுற்றி நிற்கிறவர்களுக்காகச் சொல்வது. நிஜ விலை துண்டுக்குள்தான் பேசப்படும். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து, எத்தனை விரலைப் பற்றுகிறாரோ அத்தனை என்று கணக்கு. ஐந்துக்கு மேல் போனால் விட்டுவிட்டு மறுபடி பிடிப்பார். வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் வாழ்க்கையில் நம்பியதெல்லாம் துண்டுக்குள் சொன்னதைத்தான்.

ஆனால் அது சந்தையில். இது கல்லூரி. எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தயிர்சாத அம்மாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

மென்டார் சார் துண்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டு, கையைத் துண்டுக்குள் விட்டார்.

"கம்ப்யூட்டரு படிச்சிட்டு அதே வேலைக்குப் போறது. பத்துக்கு எவ்ளோ?" என்றார் அண்ணன்.

துண்டு அசைந்தது.

"மீ வைப்பு வானலு எலா உன்னாயி?" என்றார் சார். உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்கிறார்! வாக்கியம் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் முகம் அசல் சந்தை முகம்.

"பரவால்லீங்க. ஜுவாலஜி படிச்சிட்டு. பத்துக்கு?"

துண்டு அசைந்தது.

"எங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல தேறுமா? பத்துக்கு?"

இந்த முறை துண்டு நெடுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு தரம் லேசாக அசைந்தது. அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டார்.

"சரிங்க சார். ஜுவாலஜியே போட்டுடுங்க."

"அண்ணா!" என்று நான் கத்தியதில் தயிர்சாத டப்பா மூடி கீழே விழுந்தது. "இன்னா சொன்னாரு?"

"அத வெளிய சொல்லக் கூடாது பாப்பா. துண்டுக்குள்ள பேசினது துண்டுக்குள்ளதான்."

நான் கணக்கு டீச்சர். படி எழுதாமல் விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண் போடுகிறவள். என் மகளின் மூன்று வருஷத்துக்கான விடையை மட்டும் கையில் கொடுத்து, படியைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

"சார், நீங்களாவது சொல்லுங்க."

"வெளிய கேட்டா நான் காலேஜ் பேச்சுதாம்மா பேசணும்" என்றார் சார், சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டே. "எங்க நைனாவும் எருது வித்தவருதான். அவரு போனப்புறம் நான் துண்டுக்குள்ள கைய விட்டது இன்னிக்குத்தான்" என்று சிரித்தார். பிறகு திரையில் மணி பார்த்தார். "அஞ்சு மணிக்கு சைட் மூடிடும்மா. மாத்தறதா வேணாமா, பேரண்ட்தான் சொல்லணும்."

பேரண்ட் என்றால் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தயிர்சாத அம்மாவும்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. அண்ணன் தோளிலிருந்த துண்டைப் பிடுங்கினேன். அது வெயிலும் மாட்டுத் தொழுவமும் கலந்த வாசம் அடித்தது. என் கைமேல் போர்த்திக்கொண்டு மகளிடம் நீட்டினேன்.

"அய்யோ அம்மா, வேணாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"கைய விடுடீ."

விட்டாள். விரல்கள் ஐஸ் போல இருந்தன, உள்ளங்கை ஈரம்.

"கம்ப்யூட்டர் கிளாஸ். பத்துக்கு எவ்ளோ நல்லா கீது?"

"நல்லாத்தான்…" என்று வாய் ஆரம்பித்தது. துண்டுக்குள் அவள் என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். அதிலும் நுனியை மட்டும்.

"விடுதிச் சாப்பாடு?"

சுண்டுவிரல்கூடக் கிடைக்கவில்லை. நகத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அண்ணன் எட்டிப் பார்த்து, "கைய அசைக்காம பேசு கண்ணு, வெளிய தெரியுது" என்றார்.

"ஜுவாலஜி?"

ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். மறுபடி ஐந்தையும் பிடித்தாள். அப்புறம் விடவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் ஓடுகிற புரோகிராம் தனக்கு மட்டும் ஓடவில்லை என்பதை, தூங்காமல் கிடந்ததை, நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேனே என்பதற்காகவே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை, அவள் பிற்பாடு சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பிடி மட்டும்தான் தெரியும். காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திடுங்க சார்" என்றேன்.

சார் திரையில் எதையோ அழுத்தினார். முடிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெரிய விஷயம் எதுவும் நடக்காததுபோல, "அப்ப துணைப்பாடம் எது எடுக்கறது சார்?" என்று கேட்டேன். அண்ணனின் கை உடனே துண்டுக்குப் போயிற்று.

"அது அடுத்த செமஸ்டர்லதான் அய்யா" என்று சார் அவசரமாகக் கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "துண்ட அப்ப எடுத்துக்கினு வாங்க."

மகளை விடுதிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினோம். தெருவில் என்ன சொல்வது, ஜுவாலஜி படித்தால் என்ன ஆவாள் என்று ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. அண்ணனை விடாமல் நச்சரித்தேன். கம்ப்யூட்டருக்கு மூன்றா, நாலா? அவர் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. புத்தலப்பட்டு வந்தபோது அவராகவே தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, அந்த சாருக்கு எந்த ஊருன்னு கேட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணும் இல்ல. நம்ம சந்தையில மூணு வெரல் புடிச்சா மூணு. மேக்கால சில சந்தையில மூணு வெரல் புடிச்சா பத்துல அத விட்டுட்டு மிச்சம்னு அர்த்தம்."

நான் அவரையே பார்த்தேன்.

"அப்ப கம்ப்யூட்டருக்கு ஏழுன்னு சொல்லியிருப்பாரா?"

அண்ணன் ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். நான் என் வலது கையை மடியில் வைத்து ஐந்து விரலையும் இடது கையால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். விட்டுவிட்டு, மறுபடி ஒரு தரம் பிடித்தேன். பத்தில் ஐந்து போக மிச்சமும் ஐந்துதான். எந்த ஊர்க் கணக்கில் போட்டாலும், ஐந்தும் ஐந்தும் பத்துதான் வந்தது.