சத்தம் போடாத மிக்ஸர் தேடி

மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில், தாம்பரம் நிலையத்தில் சரக்கு வண்டி வந்து நின்றால் முதல் பெட்டியில் ஒரு 'டங்' கிளம்பும். பெட்டி பெட்டியாகத் தாவி, சானடோரியம் பக்கமாக ஓடி, தேய்ந்து மறையும். கல்லூரிப் புத்தகங்களைக் கையில் அணைத்தபடி நடைமேம்பாலத்தில் நின்று அதைக் கேட்டிருக்கிறேன். இன்று அந்தச் சத்தம் எந்தக் கருவியிலும் இல்லை. என் காதோடு அதுவும் போய்விடும்.

வீடியோவுக்கு ஒலிப்பதிவு செய்கிறவர்களின் நிலைமை இது: குரல் நன்றாகக் கேட்டால் கேமராவைப் பாராட்டுவார்கள், கேட்காவிட்டால் எங்களைத் தேடுவார்கள். நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவரும் போய், வீடு ரொம்பவே அமைதியாகிவிட்ட பிறகு, சேலையூரில் எங்கள் தெருவிலேயே வீடியோ யூனிட் நடத்தும் ரோஸ்லின் என்னை இதற்குள் இழுத்தாள். "எதிர் வீட்டுக் குழாய் சொட்டுறதே உங்களுக்குக் கேக்குது. இந்தக் காதை வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்களே ஆன்ட்டி" என்றாள். மைக்குகளில் வரும் ஒலியை வாங்கி, கூட்டிக் குறைத்து, கேமராவுக்கு அனுப்பும் பெட்டிதான் மிக்ஸர். தோளில் மாட்டிக்கொண்டு போகும்படியான ஒன்றை, நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் தேடி அலைந்தவர்களுக்கு நான் பட்டது புரியும்.

பதினாறு குமிழ் வரிசை

எங்கள் முதல் மிக்ஸர், கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து வந்தது. பதினாறு மைக் மாட்டலாம். எங்களிடம் இருந்தது இரண்டு. அந்தப் பெட்டியை இரண்டு பேராகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவோம். அதன் குமிழ்களையும் விளக்குகளையும் பார்த்துப் பார்த்து நான் பிரமித்திருக்கிறேன், விமானி அறையைப் பார்க்கிற குழந்தை மாதிரி. ஒரே குறை, அதற்கு பேட்டரி கிடையாது.

மாடம்பாக்கத்தில் ஒரு தோட்டத்தில் கல்யாணம். திறந்தவெளி, மாமரத்தடியில் மேடை. பக்கத்தில் ஜெனரேட்டர், அது ஓடினால்தான் எங்கள் மிக்ஸர் ஓடும். பாதிரியார் கேட்க, மணப்பெண் தலைகுனிந்து பதில் சொல்ல, நான் பதினாறு குமிழையும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தேன். வீடியோவைப் போட்டுப் பார்த்த பெண்ணின் அப்பா எங்களுக்கு போன் செய்தார். கோபமே இல்லை, சந்தேகம்தான். "ஏம்மா, சம்மதம்னு சொன்னது என் பொண்ணா, ஜெனரேட்டரா?"

மீனுக்குப் பக்கத்தில்

அடுத்து, உள்ளங்கையளவு மிக்ஸர் ஒன்று வாங்கினோம். மலிவு, பேட்டரியில் ஓடும், கைப்பையில் போய்விடும். வீடுகளில் போய் பேட்டி எடுக்கலாம் என்று கிளம்பிவிட்டோம். வீட்டுக்குள் பதிவு செய்யும்போது மின்விசிறியோடு ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுவது வழக்கம். அதன் உறுமல் பேச்சுக்கு அடியில் படிந்துவிடும். வேலை முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிடுவோம் என்பதால் ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். சாவி இல்லாமல் வீடு போக முடியாதல்லவா?

பெருங்களத்தூரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவரின் வீடு. எல்லாவற்றையும் அணைத்து ஹெட்போனை மாட்டினேன். அந்த நிமிடத்தை எத்தனை முறை அனுபவித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வெறும் கூடம் என்று நினைத்த இடத்தில் அவ்வளவு இருந்தது: சுவர்ப்பல்லி, காலண்டர் தாள் காற்றில் புரள்வது, அந்த அம்மா பேசுவதற்கு முன்னால் உதட்டைப் பிரிக்கும் மெல்லிய ஈர ஒலி. எல்லாவற்றுக்கும் மேலே மிக்ஸரே போடும் 'உஸ்ஸ்' ஒன்று மூடியிருந்தது. அதை எந்தக் குமிழாலும் அணைக்க முடியவில்லை. நான் அந்த உஸ்ஸோடு போராடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எடுக்கப் போன ஆசிரியையின் கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "வஞ்சிரத்துக்குப் பக்கத்துல சாவி இருக்கு. ஸ்கூட்டரை எங்கம்மா வெச்சீங்க, ஃப்ரீசர்லயா?"

கஸ்தூரி வந்த நாள்

பம்மலிலிருந்து கஸ்தூரி கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் துரை, பல்லாவரம் வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தொண்டையில் புற்றுநோய். அடுத்த வாரம் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அவர் குரலைப் பிடித்துத் தர வேண்டும் என்றாள். "போன்ல புடிச்சேம்மா. ஃபேன் கேக்குது, பக்கத்து வூட்டு டிவி கேக்குது, இவரு மட்டும் கேக்கல."

என் கணவர் பேசிய ஒரு வாக்கியம்கூட ஒலியாக என்னிடம் கிடையாது. மகளின் கல்யாண வீடியோவில் அவர் சிரித்துச் சிரித்து என்னவோ சொல்கிறார். அதன்மேல் முழுக்க யாரோ கீபோர்டு வாசித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வீடியோவிலும் அப்படித்தான் இருக்கும்.

துரையை உட்கார வைத்துச் சின்ன மிக்ஸரில் சோதித்தோம். குரல் ஏற்கெனவே பாதி போயிருந்தது, உலர்ந்த இலை தரையில் உராய்கிற மாதிரி. அதைக் கூட்டக் கூட்ட மிக்ஸரின் உஸ்ஸும் கூடவே ஏறியது. ஹெட்போனை வாங்கிக் கேட்ட கஸ்தூரி முகத்தைச் சுளித்தாள். "இன்னாம்மா இது, அவரு பேசறாரு, பின்னால யாரோ தோசை சுட்டுகினு கீறாங்க?"

ஒன்றும் போடாமல்

மறுநாள் காலை எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். எக்கோ வருவது, பாட்டு போடுவது, போனோடு கம்பியில்லாமல் பேசுவது. ஒவ்வொன்றிலும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. "பாட்டை நிறுத்திடுங்க. மைக்கை மட்டும் மாட்டி, சத்தத்தை முழுசா ஏத்துங்க. யாரும் பேச வேண்டாம்" என்றேன். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் தொலைவில் ரயில் என்ஜின். ஒன்றில் மறுபடியும் தோசை.

கடைசியாக, அலமாரிக்குப் பின்னாலிருந்து பழையது ஒன்று வந்தது. இரண்டு மைக் மட்டும். சாதாரண பென்சில் பேட்டரி. எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. குமிழை முழுக்கத் திருப்பினேன். ஒன்றுமில்லை. பழுதோ என்று நினைத்தேன். பிறகு அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு சின்ன டிக் டிக். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரரின் கைக்கடிகாரம்! அவர் எச்சில் விழுங்கியதும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோஸ்லின் பக்கத்தில் வந்து திடீரென்று 'ஆ' என்று கத்தினாள். ஒலி உடையவில்லை, உள்ளே இருந்த லிமிட்டர் அந்தக் கத்தலை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. மற்றவற்றில் அது இல்லை. "இதுதான்" என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பாட்டு போட்டுக் காட்டுனா வேணாங்கறீங்க. ஒண்ணுமே போடாம காட்டுனா அழுவுறீங்க. இன்னா டேஸ்ட்டு மேடம் உங்களுது?"

பல்லாவரம் போகணும்

பம்மலில் துரையின் வீடு, ஒரே அறை. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்தோம். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்துக் கொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தோம். மைக்கைப் பார்த்ததும் துரை நிமிர்ந்து உட்கார்ந்து, "அன்பார்ந்த கஸ்தூரி அவர்களே" என்று ஆரம்பித்தார்.

"தூ, எலெக்சனுக்கா நிக்கற? ஒயுங்கா பேசு" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டுப் பேசினார். மெல்ல, ஒவ்வொரு சொல்லாக. கல்யாணமான புதிதில் இவள் அவர் வண்டியின் முன்சீட்டில் ஏறி, சில்லறை இல்லை என்று பயணிகளிடம் சண்டை போட்டது. சாம்பாரில் எப்போதும் புளி அதிகம் என்பது. ராத்திரி மாத்திரையைத் தான் போடாமல் ஒளித்து வைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பது தனக்கும் தெரியும் என்பது. அந்த உலர்ந்த இலைக் குரலின் ஒவ்வொரு நரம்பும் என் காதுக்குள் ஊர்ந்தது. நான் குமிழில் விரலை வைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

முடிந்தது என்று ரோஸ்லின் கையைத் தூக்கப் போனாள். துரை மார்பு நிறைய மூச்சை இழுத்தார். "பம்மல்! பம்மல் பம்மல் பல்லாவரேம்!" இத்தனை குரலை எங்கே பதுக்கி வைத்திருந்தார் என்று தெரியவில்லை. மிக்ஸரின் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அடங்கியது. அவ்வளவுதான், ஒலி முழுசாக உள்ளே வந்துவிட்டது. கஸ்தூரி பதறினாள். "டாக்டரு இன்னா சொன்னாரு உனக்கு?" துரை இருமிக்கொண்டே, "டாக்டரா வந்து ஆள் ஏத்துவாரு?" என்றார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு கையில் பையோடு எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, வண்டி கெளம்புதா? பல்லாவரம் போவணும்."

சிரித்து முடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கஸ்தூரிக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, பதிவை முதலிலிருந்து ஓட விட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே என் கையை இறுகப் பிடித்தாள். "அம்மா, அவரு மூச்சு விடறதுகூட கீது."

ஆபரேஷன் முடிந்துவிட்டது. மிக்ஸரில் எத்தனை மைக் சேனல் வேண்டும் என்று கேட்டு வருகிற புதியவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: இந்தத் தொழிலில் நல்ல கருவிக்கு அடையாளம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான், நல்ல மருமகளைப் போல. துரை இப்போது மறுபடி பல்லாவரம் வழியில் வண்டி ஓட்டுகிறார். முன்சீட்டில் உட்கார்ந்து கூவுவது கஸ்தூரி.